ஓர் அத்திவாரம், ஐந்து வீடுகள்

நெடுந்தீவு,
16.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி மேரிசுகந்தி எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை. நீங்கள் நலமா என்று கேட்டால் பதில் சொல்லப்போவதுமில்லை. ஆகவே இரண்டையும் விட்டுவிட்டு விசயத்துக்கு வருகிறேன்.

நேற்று வீட்டின் வடக்குச் சுவரை இடித்துவிட்டேன்.

ஓம், நீங்கள் கட்டிய வீடுதான். போனில் சொல்லலாம் என்றால் என் நம்பரைக் கண்டதும் கட் பண்ணுகிறீர்கள். உங்கள் வீட்டில் மாக்கிறேற் மச்சாளிடம் சொல்லிவிட்டால் உங்களிடம் பாதிதான் வந்து சேரும், அதுவும் உப்புப் புளி சேர்ந்து. வள்ளத்தில் வருகிற யாராவது, "உம்மட தங்கச்சிக்கு விசர் பிடிச்சிட்டுது, வீட்டை உடைக்கிறா" என்று காரைநகர் வரைக்கும் கொண்டுவந்து போடுவதற்கு முதல் என் கையெழுத்திலேயே நீங்கள் அறியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் அண்ணை. வீட்டுத்திட்டம் கிடைத்தபோது அவர்கள் தந்த வரைபடத்தில் இரண்டு அறை. நீங்களும் நானும் சேர்ந்து அதை நாலாக்கினோம். ஹோலைப் பெருப்பித்தோம். முன்னுக்குக் கார் விட ஒரு போட்டிக்கோவும் வைத்தோம். நெடுந்தீவில் போட்டிக்கோ! மகள் வினோஜாவைக் கட்டுகிறவன் கார் வைத்திருப்பான் என்றீர்கள். கார் எந்த வள்ளத்தில் வந்து இறங்கும் என்று நான் கேட்கவில்லையே, எனக்கும் அப்போது ஆசைதான். கதவுக்கு மேல் லிண்டல் மட்டத்தோடு காசு முடிந்தது. பிறகு வினோஜாவின் அப்பாவும் கடலில் மோசம் போனார். பத்து வருடமாக வீட்டுக்குக் கூரை இல்லை. அறைகளில் ஆடு படுக்கிறது. நானும் வினோஜாவும் போட்டிக்கோத் தூண்களில் தறப்பாளைக் கட்டிக்கொண்டு சீவிக்கிறோம்.

மாதர் சங்கத்தில் கதைத்து ஒரு முடிவெடுத்திருக்கிறோம். இந்த வீட்டுக் கல்லையும், காணியைச் சுற்றி விழுந்து கிடக்கும் முருகைக்கல் வேலியையும் கொண்டு என் காணியில் ஐந்து சின்ன வீடுகள். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு விறாந்தை, ஒரு கக்கூசு. அவ்வளவுதான். கூரை வளைக்கும் சிலாகைக்கும் எங்கள் பனைமரங்கள் இருக்கின்றன. கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் ஐந்து கூரையின் மழைத்தண்ணீரும் ஒரே தாங்கியில் விழும். ஒரு வீடு கருவாடு போடுகிற செபஸ்தியம்மாவுக்கு. ஒன்று புருசன் விட்டிட்டுப் போன கமலாதேவிக்கும் பிள்ளைகளுக்கும். ஒன்று அம்புறோஸ் குடும்பத்துக்கு. ஒன்று தர்சனுக்கும் பெண்சாதிக்கும். அவன்தான் மேசன். ஐந்தாவது எங்களுக்கு. அந்த நாலு குடும்பமும் இப்போது கடற்கரையில் கொட்டிலுக்குள் கிடக்கிறார்கள். மாரிக்கு முதல் எல்லாரும் கூரைக்குக் கீழே இருக்கவேண்டும். என் சொல்லை நம்பித்தான் கொட்டிலைப் பிரிக்கப்போகிறார்கள்.

கோபம் வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் வாருங்கள்.

இப்படிக்கு,
மேரிசுகந்தி


காரைநகர்,
02.03.2025

சுகந்திக்கு,

உன்ர கடிதம் வந்தது. வாசிச்சிட்டுக் கிழிச்சனான். பிறகு ஒட்டவைச்சு இன்னொருக்கா வாசிச்சனான். அப்பவும் அதேதான் எழுதியிருக்கு.

உனக்கென்ன மூளை கழண்டு போச்சோ? அந்த வடக்குச் சுவரில ஒரு கல்லுக் கோணல் எண்டு மூண்டு வரியை இறக்கித் திருப்பிக் கட்டினனான். என்ர கலியாணத்துக்குக்கூட நான் அவ்வளவு மினக்கெடேல்லை. சாந்தும் கல்லும் வள்ளத்தில ஏத்தி இறக்கி முதுகு முறிஞ்சவன் நான். நீ ஒரு நாளில அலவாங்கால குத்தி விழுத்திப்போட்டு எனக்குக் கடிதம் எழுதுறாய், அதுவும் வடிவான கையெழுத்தில.

வினோஜாவுக்குத் தாய்மாமன் நான். என்ர மருமகளுக்கு நாலறை வீடு சீதனம் எண்டு தீவெல்லாம் சொல்லிவைச்சிருக்கிறன். இனிப் பொம்பிளை பாக்க வாறவைக்கு என்னத்தைக் காட்டுவாய்? கோழிக்கூட்டையோ? நான் இஞ்ச லண்டன்காரருக்கு ரெண்டு மாடி கட்டிக்கொண்டிருக்கிறன். ஆறு அறை, ஆறுக்கும் பாத்ரூம். அந்த மேசன்ர தங்கச்சி ஒரு அறைக்குள்ள இருக்கிறாள் எண்டா என்னை ஆர் மதிப்பினம்?

கூரை போடுவம், கொஞ்சம் பொறு எண்டு சொன்னனானெல்லோ. ஓம், பத்து வருசமாச் சொன்னனான்தான். அதுக்காக?

அந்தக் காணிப் படி இனி மிதிக்கமாட்டன். அம்மாவாணை. நீயும் எனக்கு எழுதவேண்டாம்.

சில்வெஸ்ரர்

மாக்கிறேற் உன்னைச் சுகம் கேட்டு எழுதச் சொன்னவ. அது அவவின்ர பாடு.


நெடுந்தீவு,
08.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். நீங்கள் சொல்லி நான் எதைக் கேட்டேன்? மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

பழைய வீட்டுச் சுவர்கள் எல்லாம் இறங்கிவிட்டன. காணியின் கிழக்குப் பக்கம் புது அத்திவாரம் வெட்டி முதல் வீட்டைக் கட்டினோம், செபஸ்தியம்மாவுக்கு. நிழல் வேண்டும் என்று தாழ்வாரத்தை நன்றாக நீட்டிவிட்டோம். பார்க்க எவ்வளவு வடிவாக இருந்தது தெரியுமா! செபஸ்தியம்மா தன் கொட்டிலைப் பிரித்து, கம்பும் தடியும் அடுப்பெரித்து முடித்து, பாயும் பானையுமாக வந்து இறங்கினா. வந்து ஒரு கிழமையில் சோளகக் காற்று கூரையைத் தூக்கிவிட்டது அண்ணை. பட்டப்பகலில், கண்ணுக்கு முன்னால். தாழ்வாரத்துக்குக் கீழே காற்று நுழைந்து ஒரு பக்க ஓடுகளை அப்படியே கிளப்பிக்கொண்டு போனது.

செபஸ்தியம்மா என்னை ஒரு சொல் ஏசவில்லை. "பிள்ளை, ஓடுதானே பறந்தது, நான் பறக்கேல்லைத்தானே" என்று சொல்லிவிட்டு உடைந்த ஓடுகளைப் பொறுக்கினா. அவ ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு நோகாது. இறங்குதுறையில் நிற்கிறவர்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். "மாதர் சங்கத்தின்ர வீடு பறந்து நயினாதீவுக்குப் போகுதாம்" என்று ஒருத்தர் சொன்னாராம். தர்சன் கரண்டியைப் போட்டுவிட்டு, "அக்கா, எனக்கு ஏலாது, என்ர வேலையில சனம் சாகும்" என்று அழுகிறான். அம்புறோஸ் கொட்டிலைப் பிரிக்கத் தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, வினோஜாவிடம்கூட. மாரி வந்துவிட்டால் இந்தச் சனத்தின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

உங்களை வரச்சொல்லிக் கேட்கவில்லை. நீங்கள் ஆணையிட்டுவிட்டீர்கள். கூரை ஏன் பறந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
சுகந்தி


காரைநகர்,
15.06.2025

சுகந்திக்கு,

நான் வரமாட்டன். சொன்னது சொன்னதுதான். ஆனா உன்ர கூரை பறந்தால் பேர் கெடுறது எனக்கு. அதுதான் எழுதுறன், வேற ஒண்டும் நினையாதை.

தாழ்வாரத்தை நீட்டினது முதல் பிழை. நெடுந்தீவில மரமே ஒரு பக்கம் சாய்ஞ்சுதான் வளருது, நீங்கள் காத்துக்குக் கைபிடி வைச்சுக் குடுத்திருக்கிறியள். ரெண்டாவது பிழை, வீட்டைத் தனிய வெளியில கொண்டுபோய் நிப்பாட்டினது. சின்ன வீட்டுக்குப் பாரமில்லை. தனிய நிண்டால் காத்து உருட்டும்.

இஞ்ச ஒரு விசயம் நடந்தது. லண்டன்காரர் வந்து புது வீட்டுக்குக் குடிபூரல் வைச்சு, ஆட்டிறைச்சி சமைச்சு, ஒரு கிழமை இருந்திட்டுப் பூட்டிக்கொண்டு போயிட்டினம். வீடு பாக்க ஒரு குடும்பத்தை விட்டிருக்கினம், கார் விடுற கொட்டகைக்குள்ள. தண்ணி ரப் ஒழுகுது எண்டு போனன். ஒரு அறைதான் சுகந்தி. கட்டில், அடுப்பு, பிள்ளையின்ர பள்ளிக்கூடப் புத்தகம், எல்லாம் அதது இருக்கவேண்டிய இடத்தில இருக்கு. அந்தப் பிள்ளை ஓயாமல் கதை சொல்லிக்கொண்டிருக்கு, தாய் தேத்தண்ணி தந்தவ. மேல ஆறு அறையும் பூட்டு. நான் வருசக்கணக்காக் கட்டின ஆறு அறைக்கும் ஒரு மனுச மணம் இல்லை.

சரி, அதை விடு. நான் கேக்கிறன், என்ர அத்திவாரம் அங்க சும்மா கிடக்கேக்க எந்த விசரன் கிழக்குப் பக்கம் புதுசா வெட்டினவன்? அது ரெண்டு மாடி தாங்கும் எண்டு நான் போட்டது. நாலு அறையும் நாலு வீடு. ஹோலும் போட்டிக்கோவும் சேர்ந்தால் அஞ்சாவது. குசினியும் விறாந்தையும் வெளிப்பக்கம் சாய்ப்புப் பத்தியா இறக்கு. அஞ்சும் முதுகோட முதுகு ஒட்டி நிண்டால் காத்துக்கு உள்ள நுழைய இடமில்லை. படம் கீறி இதோட வைச்சிருக்கிறன்.

சுவருக்கு மேல சுத்திவரக் கொங்கிறீற் பெல்ற் போடு. அதுக்குள்ள இருந்து கம்பியை மேல எடுத்து, பனை வளையைச் சுத்தி வளைச்சு இறுக்கு. தாழ்வாரம் ஒரு சாணுக்கு மேல வேண்டாம். ஓரத்து ஓடு ஒவ்வொண்டுக்கும் சாந்து பூசு. செபஸ்தியம்மாவின்ர வீட்டைக் கழட்டிக் கொண்டுவந்து சேர்.

தர்சனிட்டச் சொல்லு, ஓடு பறக்காத மேசன் இந்தத் தீவுகளில ஒருத்தனும் இல்லை, நான் உள்பட. கரண்டியை எடுக்கட்டாம்.

சில்வெஸ்ரர்


நெடுந்தீவு,
06.07.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைச் சங்கத்தில் உரத்து வாசித்தேன். "எந்த விசரன்" என்ற இடத்தில் தர்சன் கை உயர்த்தினான். கரண்டியும் எடுத்துவிட்டான். உங்கள் அத்திவாரத்தில் ஒரு வெடிப்பு இல்லை அண்ணை. மழையும் வெயிலும் ஆட்டுப் புழுக்கையும் பத்து வருடம் விழுந்தும் அது அப்படியே இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் விட்ட பிழை இவ்வளவு பெரிதாக இருந்தபடியால்தான் இன்றைக்கு ஐந்து வீடு அதில் ஏறுகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் இப்போது வேறு சிக்கல். நடுச்சுவர்! ஒரு சாண் வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்குப் பேசுகிற சனத்திடம், சுவரையே பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்றால் விடுவார்களா? கமலாதேவி சொல்கிறா, "அக்கா, குறை நினையாதேங்கோ, அம்புறோஸ் அண்ணை நல்ல மனுசன்தான். எண்டாலும் நான் விளக்கு வைக்கிற சுவருக்கு அங்கால திருக்கை மீன் காய்ச்சினால் எப்பிடி?" அம்புறோஸ் விட்டாரா? "நான் இஞ்சால மாதாவுக்கு ஆணி அடிக்க, அங்கால அவவின்ர பிள்ளையாரெல்லோ விழுவார்!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடிந்தபின் ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. சுவர் வெடித்தால் யார் பூசுவது, சுவர் யாருடைய பேரில் என்று தொடங்கிவிட்டார்கள். சோளகத்தைக் காட்டிலும் இது பெரிய காற்று.

வினோஜா உங்களுக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "மாமாவிட்டச் சொல்லுங்கோ, வீட்டின்ர பெருப்பம் பாத்து வாறவன் அந்த வீட்டையே கட்டிக்கொண்டு போகட்டும். எனக்கு ஹோலும் போட்டிக்கோவும் போதும்."

நடுச்சுவருக்கு ஒரு வழி சொல்லுங்கள். நாள் போகிறது.

சுகந்தி


காரைநகர்,
13.07.2025

சுகந்திக்கு,

வினோஜான்ர கதையை வாசிச்சனான். வாய் அப்பிடியே உன்ர வாய். மாக்கிறேற் சிரிச்ச சிரிப்பில பக்கத்து வீட்டில இருந்து எட்டிப் பாத்தவை.

நடுச்சுவருக்குப் பழைய கல்லு வேண்டாம், முருகைக்கல்லால கட்டு. நல்ல தடிப்பா வரும். வெளியால கல்லெடுக்காதை, விழுந்த வேலிக் கல்லே போதும். அந்தத் தடிப்புக்குள்ள ரெண்டு பக்கமும் மாடம் விட்டுக் கட்டச் சொல்லு, ஒண்டுக்கு நேரே ஒண்டு வராமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி. ஒருத்தரும் ஆணி அடிக்கத் தேவையில்லை. அங்கால பிள்ளையார் இருப்பார், இஞ்சால மாதா இருப்பா. அவை ரெண்டு பேரும் சண்டை பிடிக்காயினம், எனக்குத் தெரியும்.

குசினி எல்லாம் வெளிப்பக்கம்தானே, திருக்கை மணம் கடலுக்குப் போயிடும். சுவர் அஞ்சு பேருக்கும் பொது, வெடிச்சால் அஞ்சு பேரும் சேர்ந்து பூசுறது எண்டு முதலே எழுதிக் கையெழுத்து வை. உள்ளுக்கு ஒரு வேலியும் வேண்டாம். வேலி வேணும் எண்டு நிக்கிறவருக்கு என்ர அத்திவாரத்தில இடமில்லை எண்டு சொல்லு. நான் சொன்னனெண்டே சொல்லு.

பெல்ற்றுக்குக் கம்பி கட்டேக்க படம் பிடிச்சு மாக்கிறேற்றின்ர போனுக்கு அனுப்பு. எனக்கில்லை, அவவுக்கு.

சில்வெஸ்ரர்


குறிகட்டுவான்,
29.11.2025

சுகந்தி,

போன் வேலை செய்யேல்லை. புயல் உங்கட பக்கம் நேரா ஏறினதெண்டு றேடியோவில சொன்னவங்கள். காரைநகரில கடல் கடக்கிற படகுப்பாதையும் ஓடேல்லை, யாழ்ப்பாணம் சுத்தி மோட்டச்சைக்கிளில நெடுந்தீவு வள்ளம் வெளிக்கிடுற குறிகட்டுவானுக்கு வந்தனான். கடல் இறங்குதுறைக்கு மேலால அடிக்குது. வள்ளம் இல்லை, திரும்பிப் போங்கோ எண்டுறாங்கள்.

போன மாசம் குடிபூரல் எண்டு நீ எழுதேக்க நான் வரேல்லை. மாக்கிறேற் தனியத்தான் வந்தவ. வந்து ஒரு கிழமை அந்த வீட்டுக் கதைதான். நான் கேளாத மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தனான்.

நான் கடிதத்தில சொன்னதைத் தர்சன் செய்தவனோ தெரியேல்லை. படத்தில கம்பி இறுக்கமாத்தான் தெரிஞ்சது, எண்டாலும் கையால தொட்டுப் பாராமல் எப்பிடி நம்புறது? வந்து பாத்திருக்கவேணும். கூரை போனால் போகட்டும். நீயும் பிள்ளையும் அந்தச் சனமும் இருக்கிறியள் எண்டு ஒரு வரி எழுது.

வள்ளம் ஓடினவுடனே உன்ர கையில குடுக்கச் சொல்லி, வள்ளக்காரப் பத்திநாதரிட்ட இதை விட்டிட்டுப் போறன்.

அண்ணை


நெடுந்தீவு,
03.12.2025

என் அன்பு அண்ணைக்கு,

இருக்கிறோம்! எல்லாரும் இருக்கிறோம்! ஒரு ஓடு போகவில்லை அண்ணை. ஒரே ஒரு ஓடுகூடப் போகவில்லை!

பத்திநாதர் நனைந்த கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். அழுதுகொண்டு வாசித்து, சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். போன் கோபுரம் இன்னும் சரிவரவில்லை.

புயல் அன்றைக்கு மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. முதலில் வடக்கே இருந்து அடித்தது. பிறகு நின்று, மற்றப் பக்கத்தால் திரும்பி அடித்தது. எங்கள் ஒழுங்கையில் தகரக் கூரைகள் கடதாசி மாதிரிப் பறந்தன. கூரை போன சனமெல்லாம் எங்களிடம் ஓடி வந்தது. அந்தச் சின்ன வீடு ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மூன்று குடும்பம், செபஸ்தியம்மா வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டியும். இறங்குதுறையில் நின்று சிரித்தவரும் வந்தார். நயினாதீவுக்குப் போகிற வீடு இதுதான், ஏறுங்கோ என்று செபஸ்தியம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்தா.

காற்றின் இரைச்சலில் ஒருத்தர் கதைப்பது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. கமலாதேவி நடுச்சுவரில் தட்டினா. அம்புறோஸ் அங்கால் இருந்து திருப்பித் தட்டினார். அவர் அடுத்த சுவரில் தட்ட, தர்சன் தட்ட, அப்படியே எங்களிடம் வந்தது. நாங்கள் செபஸ்தியம்மாவுக்குத் தட்டினோம். காற்று ஓயும்வரைக்கும் அப்படித்தான் இருந்தோம், ஒருத்தரை ஒருத்தர் இருக்கிறியளோ என்று கேட்டுக்கொண்டு. தனித்தனியாக ஐந்து வீடு கட்டியிருந்தால் பயத்திலேயே செத்திருப்போம்.

வெளித்ததும் வெளியே ஓடிப்போய்க் கூரையைப் பார்த்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பிறகு வாய்விட்டுக் கத்தினேன் அண்ணை, வெட்கமில்லாமல். எல்லாரும் வந்து என்னோடு சேர்ந்து கத்தினார்கள். தாங்கி நிரம்பி வழிகிறது. ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் தண்ணீர்தான் குடிக்கிறது.

எங்கள் கிராம விதானையார் வந்து பார்த்துவிட்டு, "ஆர் இதுக்கு மேசன்?" என்று கேட்டார். நான்தான் என்று தர்சன் சொல்லியிருக்கலாம், ஒருத்தரும் மறுத்திருக்கமாட்டோம். அவன் சொன்னான், "மேசன் காரைநகரில இருக்கிறார் ஐயா. அவர் கடிதத்திலதான் கட்டினவர்."

இதையும் கேளுங்கள். மேற்குப் பக்கம் அவ்வளவு பனங்காணியும் வைத்திருக்கிற வைத்திலிங்கம் ஐயா, எங்கள் முற்றத்துக்கு ஒருநாளும் வராதவர், நேற்று வந்தார். அவருடைய பெரிய வீட்டின் கூரை பாதி இல்லை. செபஸ்தியம்மா தந்த கதிரையில் இருந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டார், "பிள்ளை, என்ர காணியில ஒரு துண்டு விட்டால், கூரை போன சனத்துக்கு இப்பிடிக் கட்டித் தருவியளோ?" கட்டித் தருவோம் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். இனி என் மானம் உங்கள் கையில்.

ஆணையைப் பற்றி யோசித்தேன். அது எங்கள் காணிக்குத்தானே இட்டது? வைத்திலிங்கம் ஐயாவின் காணிக்கு இல்லையே. அம்மா உயிரோடு இருந்தால் அவவே ஒரு வள்ளம் பிடித்து உங்களைக் கொண்டுவந்து இறக்கியிருப்பா.

உங்கள் தங்கச்சி,
சுகந்தி


காரைநகர்,
05.12.2025

அன்புள்ள தங்கச்சி சுகந்திக்கு,

உன்ர கடிதத்தை மாக்கிறேற்தான் வாசிச்சவ. ஓடு போகேல்லை எண்ட இடத்தில நான் எழும்பி முற்றத்துக்குப் போயிட்டன். அழுதனான். ஒளிச்சு அழேல்லை, ரோட்டால போறவை பாக்கப் பாக்க அழுதனான்.

லண்டன்காரர் இண்டைக்குக் காலமை போன் எடுத்தவர். மொட்டைமாடியில இன்னும் ரெண்டு அறை போடவேணுமாம். ஆர் இருக்க எண்டு கேட்டன். மனுசனுக்குக் கோபம் வந்திட்டுது. வேற மேசனைப் பாருங்கோ எண்டிட்டன். இத்தனை வருசமாப் பூட்டுறதுக்கே வீடு கட்டியிருக்கிறன் சுகந்தி. இருக்கிறதுக்குக் கட்டினது இந்த அஞ்சும்தான், அதையும் நான் இன்னும் கண்ணால காணேல்லை.

வைத்திலிங்கத்தாரிட்டச் சொல்லு, காணியில காத்துப் படாத மூலை எனக்கு வேண்டாம், நடுவில தரட்டும். விழுந்த பனையளை ஒருத்தரும் விறகுக்குத் தறிக்கவேண்டாம், எல்லாம் வளைக்கு வேணும். தர்சனை என்னோட கூட நிக்கச் சொல்லு, இனி அவனும் மேசன்தான். ஆணைக்கு நான் அம்மான்ர கல்லறையில மெழுகுதிரி கொளுத்தி மன்னிப்புக் கேட்டிட்டன். அவ ஒண்டும் சொல்லேல்லை, அப்ப சம்மதம்தான்.

இதை இண்டைக்கே பத்திநாதரிட்டக் குடுத்துவிடுறன், நாளைமறுநாள் முதல் வள்ளத்தில வாறன். மாக்கிறேற்றும் வாறா. என்ர வேலையாக்கள் ஆறு பேரும் மேசன் வேலைச் சாமான் எல்லாம் கட்டிக்கொண்டு நிக்கிறாங்கள். சோறு கூடப் போடு.

அண்ணை,
சில்வெஸ்ரர்